மூன்று வாங்கினேன், நாலாவதைச் செய்தேன்: மோதிர விரலுக்கு ஒரு ஸ்ப்ளின்ட்

காலையில் கண் விழிக்கும்போது வலது கை மோதிர விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கும். மற்ற விரல்கள் நிமிரும், இது மட்டும் வராது. இடது கையால் பிடித்து மெல்ல நிமிர்த்தினால் பாதி வழியில் எதிலோ தடுக்கி நின்று, பிறகு ‘டக்’கென்று திறந்துகொள்ளும். அந்த டக்கில் உயிர் போய் உயிர் வரும். பகலில் வேலை ஆரம்பித்துக் கை சூடான பிறகு கொஞ்சம் தேவலை. ஆனால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு விரலை விரித்தால் மறுபடியும் அதே டக்.

நான் தையல் வேலை செய்பவள். இருபத்தாறு வருடமாகக் கத்தரியின் கீழ் வளையத்துக்குள் போய் வந்த விரல் அது. முதல் இரண்டு மாதம் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். மூன்றாவது மாதம்தான் மருத்துவரிடம் போனேன். “ட்ரிகர் ஃபிங்கர். ஆறு வாரம் ஸ்ப்ளின்ட் போட்டுப் பாருங்க” என்றார். இப்படி விரல் மாட்டிக்கொள்ளும் கோளாறுக்குத்தான் அந்தப் பெயர்; ஸ்ப்ளின்ட் என்பது விரல் மடங்காமல் தாங்கிப் பிடிக்கும் கட்டு. எந்த ஸ்ப்ளின்ட், எந்தக் கணுவுக்கு, பகலா இரவா என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் வீணானது. இன்னொருவருக்கு அந்த மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை விவரமாக எழுதுகிறேன்.

வலி விரலில், கோளாறு உள்ளங்கையில்

மருத்துவர் மடங்கிக்கொள்ளும் கணுவைத் தொடவே இல்லை. உள்ளங்கையில் மோதிர விரலுக்கு நேர் கீழே, கைரேகை பார்ப்பவர்கள் இருதய ரேகை என்பார்களே, அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். துள்ளிவிட்டேன். “இப்ப விரலை மடக்கி நீட்டுங்க” என்று சொல்லி, என் இடது கை விரலை எடுத்து அதே இடத்தில் வைத்தார். தோலுக்கடியில் அரைப் பட்டாணி அளவு ஒரு உருண்டை முன்னும் பின்னும் நகர்ந்தது. இத்தனை நாளும் நான் தைலம் தேய்த்தது விரலின் நடுக்கணுவில்!

விரலை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் கிளம்பி, மணிக்கட்டையும் உள்ளங்கையையும் கடந்து விரலுக்குள் போகின்றன. விரலுக்கு இரண்டு, கட்டை விரலுக்கு மட்டும் ஒன்று. விரலை மடக்கும்போது இந்த நாண்கள் எலும்பை விட்டு விலகி எழும்பிவிடாமல் இருக்க, வழிநெடுக வளையங்கள் அவற்றைப் பிடித்திருக்கின்றன. இவற்றுக்குப் புல்லி என்று பெயர். முதல் வளையமான ஏ1 புல்லி, அந்த ரேகைக்கு அடியில்தான் இருக்கிறது.

இடுப்பு மடிப்புக்குள் நாடா கோர்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மடிப்பு சரியான அகலத்தில் இருந்தால் நாடா வழுக்கிக்கொண்டு ஓடும். மடிப்பின் வாய் தடித்து, நாடாவிலும் ஒரு முடிச்சு விழுந்தால்? ஒரு பக்கம் இழுத்தால் முடிச்சு எப்படியோ வெளியே வந்துவிடும். திரும்ப உள்ளே நுழையாது. இங்கே நடப்பதும் அதுதான். வளையம் தடித்துப்போகிறது, நாணிலும் வீக்கம் விழுகிறது. முஷ்டி பிடிக்கும்போது அந்த வீக்கம் வளையத்தைத் தாண்டி உள்ளங்கைப் பக்கம் வந்துவிடுகிறது. நீட்டும்போது வாசலில் மாட்டிக்கொள்கிறது. 1850-இல் நோட்டா என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்தார். அந்த உருண்டைக்கே நோட்டாவின் முடிச்சு என்று ஒரு பெயர் உண்டு. நாடா உவமையை நானாகத்தான் யோசித்தேன்; பிறகு இந்தப் பெயரைப் படித்தபோது ஏனோ ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் ஸ்ப்ளின்ட்டின் வேலையும் புரிந்தது. முடிச்சு வாசலைத் தாண்டினால்தான் மாட்டும். விரல் முழுதாக மடங்கினால்தான் அது வாசலைத் தாண்டும். ஆகவே முழு முஷ்டி ஆகாமல் ஏதாவது ஒரே ஒரு கணுவைத் தடுத்தால் போதும். நாண் கொஞ்ச தூரம் மட்டும் ஓடும், முடிச்சு உரசாது, வீக்கம் மெல்ல வற்றும். விரல் முழுவதையும் சிறை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு முதல் நாளே இது தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவர் கேட்ட இன்னொரு கேள்வி: “சர்க்கரை பார்த்தீங்களா?” பார்த்ததில்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 சதவீதம் வந்தது, நீரிழிவுக்கு முந்தைய கட்டம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களிலும் வரலாம். விரல் பூட்டிக்கொண்டதால்தான் என் சர்க்கரை நிலவரமே எனக்குத் தெரிந்தது. உங்களுக்கும் விரல் மாட்டுகிறது என்றால் இந்த ஒரு பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டீராய்டு ஊசி போடலாம், அது வேகமாகக் கேட்கும், ஆனால் சில நாள் சர்க்கரையை ஏற்றிவிடும் என்றார். அதற்கும் கேட்காவிட்டால் அந்த வளையத்தைக் கீறி விடும் சின்ன அறுவை சிகிச்சை. ஸ்ப்ளின்ட் எந்த அளவுக்கு உதவும் என்று மகள் தேடிப் படித்துச் சொன்னாள். பட்டேல், பாசினி என்ற இருவர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்ப்ளின்ட் போட்டவர்களில் 66 சதவீதம் பேருக்கும் ஊசி போட்டவர்களில் 84 சதவீதம் பேருக்கும் பலன் கிடைத்திருக்கிறது. கட்டை விரலில் மட்டும் ஸ்ப்ளின்ட் பாதிக்குப் பாதிதான். நாள்பட்ட விரல்களுக்கும் பலன் குறைவு. எனக்கு மோதிர விரல், மூன்று மாதம்தான் ஆகிறது, நானே நிமிர்த்திவிட முடிகிறது. சரி, முயற்சி செய்யலாம் என்று முடிவெடுத்தேன்.

வாங்கிய மூன்று

முதலாவது, அலுமினியத் தகட்டில் நீல ஸ்பாஞ்ச் ஒட்டியது. விரல் முறிந்தால் போடுவது. விரலின் அடியிலிருந்து நுனி வரை நேராக வைத்துக் கட்டினேன். டக் நின்றுவிட்டது, நிம்மதி. மூன்றாம் நாள் ஸ்பாஞ்சுக்கு அடியில் வியர்வை தங்கித் தோல் வெளுத்து ஊறிப்போனது. ஒன்பதாம் நாள் கழற்றியபோது விரல் பூட்டவில்லை, ஆனால் மடங்கவும் இல்லை. நடுக்கணு கட்டை மாதிரி ஆகியிருந்தது. அந்த விறைப்பு விலக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ட்ரிகர் ஃபிங்கருக்கு இந்தத் தகட்டைப் போட்டுக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் இப்போது மனசு பதறுகிறது.

இரண்டாவது, எட்டு வடிவப் பிளாஸ்டிக் வளையம். நடுக்கணுவின் மேலும் கீழும் ஒவ்வொரு வட்டம், குறுக்கே ஒரு பட்டை. நடுக்கணுவை மடங்க விடாது, அடிக்கணுவும் நுனியும் அசையும். இது மோசமான பொருள் இல்லை. சின்னது, தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் காலையில் சரியாக இருக்கும் வளையம் மாலையில் விரல் லேசாக வீங்கியதும் இறுக்கும். எனக்கு அதைவிடப் பெரிய சிக்கல், கத்தரி வளையத்துக்குள் அது நுழையவில்லை. வேலை நேரமெல்லாம் கழற்றி வைத்தேன். விரலுக்கு ஓய்வு தேவைப்படுவதே அந்த நேரத்தில்தான்.

மூன்றாவது, உள்ளங்கையில் ஒரு கம்பிப் பட்டையும் விரலைச் சுற்ற வெல்க்ரோவும் உள்ள துணி உறை. எண்ணம் சரி, அடிக்கணுவைத் தடுப்பது. அளவுதான் சரியில்லை. கம்பிப் பட்டை நேராக அந்த உருண்டையின் மேலேயே அழுத்தியது. நாலு நாளில் அந்த இடம் கன்றிப்போனது.

மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் யோசித்தேன். அளவு சரியில்லாத உடையை நான் என்ன செய்வேன்? பிரித்து, பேட்டர்ன் போட்டு, வெட்டித் தைப்பேன். இதையும் அப்படியே செய்ய வேண்டியதுதான்.

கைக்கென்றே பயிற்சி பெற்ற ஒரு பிசியோதெரபிஸ்ட்டைத் தேடிப் போனேன். அவர் என் கையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: “அடிக்கணு மட்டும் நிக்கணும்மா. மேல ரெண்டு கணுவும் ஆடிக்கிட்டே இருக்கணும்.” சூட்டில் இளகி, ஆறினால் இறுகும் தெர்மோபிளாஸ்டிக் தகட்டில் அவரே செய்து தருவதாகச் சொன்னார். முடிந்தால் நீங்கள் அப்படிச் செய்துகொள்வதே நல்லது. நான் பிடிவாதமாக, நானே செய்துகொண்டு வருகிறேன், நீங்கள் சரிபார்த்துக் கொடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு துண்டுத் தகட்டை எடுத்துக் கொடுத்து, எப்படி என்று ஒருமுறை செய்து காட்டினார்.

பேட்டர்ன்

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். உள்ளங்கைப் பக்கம் விரல் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு கோடு இருக்கிறது, மோதிரம் உட்காரும் கோடு. அடிக்கணு அங்கே இருப்பதாக நினைக்கிறோம். விரலை மடக்கிப் புறங்கையைப் பாருங்கள். முட்டி எங்கே துருத்துகிறது? அந்தக் கோட்டுக்கு வெகு கீழே. உள்ளங்கைப் பக்கம் பார்த்தால் மூட்டு ஏறத்தாழ அந்த இருதய ரேகையில்தான் இருக்கிறது. ஆகவே தகடு அந்த ரேகையைத் தாண்டி உள்ளங்கைக்குள் இறங்கினால்தான் அடிக்கணுவைப் பிடிக்கும். என் முதல் பேட்டர்ன் விரல் கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே முடிந்தது. போட்டுக்கொண்டு முஷ்டி பிடித்தேன், விரல் தாராளமாக மடங்கியது.

காகிதத்தில் கையை வைத்து வரைந்து, மூன்று இடத்தைக் குறித்துக்கொண்டேன். ஒன்று, விரலின் நடுக்கணுக் கோடு. தகடு அதற்கு அரை சென்டிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நடுக்கணு மடங்கும்போது இடிக்கும். இரண்டு, அந்த உருண்டை இருக்கும் இடம். மூன்று, கட்டை விரலின் அடிமேட்டைச் சுற்றி ஓடும் கோடு. தகடு அதை ஏறக் கூடாது, ஏறினால் கட்டை விரல் குறுக்கே வராது, ஊசிகூடப் பிடிக்க முடியாது. உருவம் கடைசியில் அகலமான அடியும் மேலே ஒரு நாக்கும் உள்ள துண்டாக வந்தது. அடி உள்ளங்கையின் குறுக்கே, நாக்கு விரலின் கீழே. நாக்கின் இரண்டு பக்கமும் விரலை அரைவட்டமாக அணைக்க ஒவ்வொரு செவி. நாக்கும் அடியும் சேரும் இடத்தில் பக்கத்து விரல்கள் மடங்க வழிவிட்டு, சட்டைக்குக் கைக்குழி வெட்டுவது மாதிரி உள்வாங்கி வெட்ட வேண்டும். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

காகிதத்தைக் கையில் வைத்து, டேப் ஒட்டி, முஷ்டி பிடித்துப் பார்த்து, இடிக்கும் இடத்தைக் கிள்ளிக் கிள்ளி வெட்டினேன். ஐந்து காகிதம் ஆனது. காகிதத்துக்குச் செலவில்லை, தகட்டுக்கு உண்டு. இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள்.

தகடு

இந்தத் தகடு 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் தோசை மாவு பதத்துக்குப் போகாமல், பதமான தோல் மாதிரி துவளும். கொதிக்கும் நீரில் போட்டால் காரியம் கெட்டது. என் முதல் துண்டு அப்படித்தான் போனது: கொதிநீரில் போட்டு இடுக்கியால் தூக்கினேன், சொந்த எடையிலேயே இழுபட்டு நீண்டு, மடிந்து, தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது. பிரிக்கவே முடியவில்லை. அடுத்த முறை சமையல் தெர்மாமீட்டர் வைத்து, அகன்ற தவாவில் தண்ணீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அடியில் ஒரு மெல்லிய துணி விரித்து அதன்மேல் தகட்டைப் போட்டேன். துணியோடு தூக்கினால் தகடு இழுபடாது. நான் பயன்படுத்திய வகை, பதம் வந்ததும் பால் நிறத்திலிருந்து கண்ணாடி மாதிரி தெளியும். எல்லா வகையும் அப்படித் தெளிவதில்லை, ஆகவே கடிகாரத்தையும் பாருங்கள்.

தடிமன் பற்றி ஒரு வார்த்தை. 3.2 மில்லிமீட்டர் மணிக்கட்டு, முன்கை வேலைகளுக்கு. விரலைச் சுற்றி அது அழகாக வளையாது. 1.6 விரலுக்கு நன்றாக வளைந்தது, ஆனால் உள்ளங்கைப் பகுதி நான் கத்தரியை அழுத்தும்போது நெளிந்தது. 2.4 எடுத்தேன், அதுவே நின்றது.

வெட்டுவதையும் தகடு பாதி சூட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டும். ஆறிய தகட்டை வெட்டினால் விளிம்பு பிசிறும்; சூட்டில் வெட்டினால் விளிம்பு தானாகவே மழமழவென்று மூடிக்கொள்ளும். இதற்குப் பழைய கத்தரி. துணி வெட்டும் கத்தரியை நான் காகிதத்துக்கே தரமாட்டேன்.

வெட்டிய துண்டை மறுபடி வெந்நீரில் போட்டு எடுத்து, துண்டால் ஒற்றி, முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். நீரிழிவால் கையில் மரத்துப்போன உணர்ச்சி இருப்பவர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்யக் கூடாது. சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும்.

உருண்டைக்கு என்ன செய்வது? அதன்மேல் தகடு அழுத்தினால் மூன்றாவது உறையின் கதைதான். பிசியோதெரபிஸ்ட் காட்டிய வழி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கையில் மெல்லிய பருத்தி உறை போட்டுக்கொண்டு, உருண்டைக்கு நேர் மேலே ஒரு சின்ன வட்டத் துண்டை வைத்து, அதன் மேல் தகட்டைப் படியவிடுவது. அவர் மெத்துத் துண்டு ஒன்றை வைத்தார். நான் என் டப்பாவிலிருந்து துணி சுற்றிய பொத்தான் ஒன்றை, ஒன்றரை சென்டிமீட்டர் அகலம், காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு வைத்தேன். தகடு ஆறிய பிறகு பொத்தானை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு சின்னக் குமிழ் நிற்கும். உருண்டை அதற்குள் யாரையும் தொடாமல் உட்கார்ந்திருக்கும். தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பொத்தானின் துணி இழைகூட உள்பக்கம் பதிந்திருந்தது.

வலது கைக்கு இடது கையால் வார்ப்பது நடக்காத காரியம். மகளை உட்காரவைத்தேன். கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தால் தகடு தன் எடையிலேயே படியும். அடிக்கணு நேராகவோ, 10 முதல் 15 டிகிரி வரை லேசாக மடங்கியோ இருக்கலாம். எனக்கு அந்த லேசான மடிப்புதான் வேலைக்கு வசதி. “அம்மா, அழுத்தட்டுமா?” “அழுத்தாதே, தடவு.” விரல் நுனியால் அழுத்தினால் அந்தக் குழி அப்படியே இறுகி, பிறகு தோலைக் குத்தும். உள்ளங்கையால் நீவ வேண்டும். மூன்று நாலு நிமிடம் அசையாமல் இருந்தேன். பாதியில் தும்மல் வந்துவிட்டது! அந்தத் துண்டைத் திரும்ப வெந்நீரில் போட்டோம். இந்தத் தகட்டின் பெரிய நன்மை இதுதான், பிடிக்காவிட்டால் மறுபடி சுடவைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக விளிம்புகள். விளிம்பை மட்டும் ஒரு நொடி வெந்நீரில் நனைத்து, ஈரக் கட்டைவிரலால் வெளிப்பக்கம் லேசாக மலர்த்திவிட வேண்டும். நாக்கின் முனையும் பக்கத்து விரல்களின் அடியும் முக்கியம். வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் தகட்டில் ஒட்டுவதற்கு, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை நீக்கி, பசைப் பக்கத்தை ஹேர் டிரையரில் சூடாக்கி ஒட்டினேன். தேய்க்காமல் ஒட்டியது இரண்டாம் நாளே உரிந்து வந்தது. மெத்துப் பக்கத்துப் பட்டை புறங்கையைச் சுற்றி வரும். விரலுக்கு மேலே ஒரு சின்னப் பட்டை. அதை மட்டும் இழுவைத் துணியில் தைத்தேன், மாலை வீக்கத்துக்கு அது இடம் கொடுக்கும்.

போட்டதும் இருபது நிமிடம் கழித்துக் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறையாவிட்டால் அங்கே தகடு அழுத்துகிறது. எனக்கு சுண்டு விரலின் அடியில் ஒரு சிவப்பு நின்றது. அந்த மூலையைச் சுட்டு மலர்த்தினேன், சரியாகிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் வாங்கிப் போட்டுப் பார்த்து, நாக்கை மூன்று மில்லிமீட்டர் குறைக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

வாரங்கள்

இரவும் பகலும் போட்டேன். குளிக்கவும் கை கழுவவும் மட்டும் கழற்றுவேன். கழற்றிய கையால் எதையும் இறுகப் பிடிக்கக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஸ்ப்ளின்ட்டோடேயே, மேலிரண்டு கணுக்களை மட்டும் கொக்கி மாதிரி மடக்கி நீட்டுவது, இருபது தடவை. நாணும் ஓடும், முடிச்சும் வாசலைத் தாண்டாது. முதல் தகட்டில் வந்த விறைப்பு இந்தக் கொக்கி மடிப்பால்தான் திரும்ப வரவில்லை.

முன்னேற்றத்தை அளக்க, வாரத்தில் ஒரே ஒருநாள், ஞாயிறு காலை, ஸ்ப்ளின்ட்டைக் கழற்றிப் பத்து முறை முஷ்டி பிடித்து விரிப்பேன். எத்தனை டக் என்று நோட்டில் எழுதுவேன். வாரம் ஒருமுறைக்கு மேல் பார்க்கக் கூடாது. ‘சரியாகிவிட்டதா’ என்று அடிக்கடி மடக்கிப் பார்ப்பதே அந்த இடத்தைப் புண்ணாக்கும். முதல் வாரம் அந்த ஆசையை அடக்கத்தான் நான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

ஆரம்பத்தில் 9. முதல் வார முடிவில் 9. இரண்டாம் வாரம் 9. நோட்டை மூடிவிட்டு அழலாம்போல இருந்தது. ஆனால் காலையில் விரல் மடங்கிக் கிடப்பது நின்றிருந்தது. தூக்கத்தில் நாம் முஷ்டி பிடிப்பதை ஸ்ப்ளின்ட் தடுத்துவிடுகிறதே. மூன்றாம் வாரம் 7. நாலாம் வாரம் 6, டக்கின் சத்தமும் குறைந்து வெறும் நெருடலாக மாறியது. ஐந்தாம் வாரம் அவசர ஆர்டர் ஒன்று வந்தது. நாலு மணி நேரம் ஸ்ப்ளின்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தடித்த கேன்வாஸ் வெட்டினேன். அந்த ஞாயிறு 8. அந்த எண்ணை எழுதும்போது கை கூசியது. ஆறாம் வாரம் 4, ஏழாம் வாரம் 2. எட்டாம் வாரம் 0, ஆனால் ரேகையில் அழுத்தினால் வலி மிச்சம். ஒன்பதாம் வாரத்திலிருந்து பகலில் கழற்றிவிட்டேன், இரவு மட்டும் இன்னும் ஒரு மாதம் போட்டேன்.

ஆறு வாரத்தில் முழுதாகச் சரியாகவில்லையே என்று நான் அப்போதே விட்டிருந்தால் இந்த எண்கள் வந்திருக்காது. ஆறிலிருந்து பத்து வாரம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகும் எண் இறங்காவிட்டால் ஊசிக்குப் போகத் தயங்காதீர்கள். அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

கத்தரியையும் மாற்றினேன். வெட்டியதும் தானே விரியும் ஸ்பிரிங் கத்தரி ஒன்று, விரலால் திறக்க வேண்டிய வேலையை எடுத்துவிட்டது. பழைய கத்தரியின் கீழ் வளையத்துக்கு மெத்துத் துணி சுற்றினேன். முக்கியமாக, பாரம் ஒரே விரலில் விழாமல் மூன்று விரலையும் உள்ளே விட்டு வெட்டப் பழகினேன். நேர்க்கோடாக நீளமாக வெட்ட வேண்டியதற்கு உருளைக் கத்தி. தண்ணீர் நிரம்பிய வாளி, கனமான பை, ஈரத் துணி பிழிவது, இவையெல்லாம் அந்த மூன்று மாதம் இடது கைக்குப் போயின.

ஸ்ப்ளின்ட் வேலைக்கு ஆகாத நிலைமைகளும் உண்டு. விரல் பூட்டிக்கொண்டு கையால் நிமிர்த்தினாலும் வரவில்லை என்றால் அது மருத்துவர் பார்க்க வேண்டியது. விரல் முழுக்கச் சிவந்து, சூடாக வீங்கி, லேசாக நீட்டினாலே உயிர் போகிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் நாண் உறைக்குள் கிருமி போயிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைகளின் கட்டை விரல் மடங்கி நிற்பது வேறு கணக்கு. முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் வழி வேறு.

ஏழு மாதம் ஆகிறது. மோதிர விரலில் டக் இல்லை. உருண்டை இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது, வலி இல்லை. ஸ்ப்ளின்ட்டை ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்துவிட்டு ஒருமுறை மறந்துபோனேன், நாக்கு தொங்கிவிட்டது. பொத்தானை வைத்து மறுபடி வார்த்தோம். இப்போது அது டேப் தொங்கும் ஆணியில், நிழலில் இருக்கிறது. போன வாரம் இடது கை நடுவிரலின் ரேகையை அழுத்தியபோது சுருக்கென்றது. டக் இன்னும் வரவில்லை. பேட்டர்ன் காகிதத்தை எடுத்துத் திருப்பிப் போட்டு, நடுவிரலுக்கு நாக்கை நகர்த்தி வரைந்துவிட்டேன். நாளைக்குத் தவாவில் தண்ணீர் வைக்க வேண்டும்.